கதைக்குள்ளே இருக்குது இங்கிலீஷ்!

"கும்பகர்ணனாட்டம் தூங்கறான், எழுப்பி விடு" என்று சொன்னால் நம் வீட்டில் யாரும் அகராதியைத் தேடிப் போவதில்லை. 'சகுனி வேலை' என்றால் என்ன, 'பகீரதப் பிரயத்தனம்' என்றால் என்ன, 'திரிசங்கு சொர்க்கம்' என்றால் என்ன என்று ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்களுக்கும் தெரியும். யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. சின்ன வயதில் கேட்ட கதை அப்படியே மனதில் தங்கி, வேண்டிய நேரத்தில் ஒரு சொல்லாக வெளியே வருகிறது. அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள், சகோதரிகளே! அவர்களுக்கு ராமாயணம், பாரதம் இல்லை. அதற்குப் பதில் கிரேக்க நாட்டுப் புராணங்களும், இரண்டாயிரத்து நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸ் நகரத்தில் ஆடிய நாடகங்களும் இருந்தன. அந்தக் கதைகளிலிருந்து வந்த சொற்கள் இன்றைக்கு டாக்டர் சீட்டில், மருந்துக் கடையில், பிள்ளைகளின் சயன்ஸ் புத்தகத்தில், ஆஸ்பத்திரி போர்டில் என்று எங்கு பார்த்தாலும் நிற்கின்றன. கதையைத் தெரிந்துகொண்டால் சொல் தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

'நமக்கெதற்கு இந்த வயதில் இங்கிலீஷ்?' என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது நாம்தான். மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பது நாம்தான். பிள்ளை பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து "இது என்னம்மா?" என்று முதலில் கேட்பதும் நம்மிடம்தான்.

மில்லுக்கே போறேன் என்றாள் மகள்

எங்கள் வீட்டில் இது விளையாட்டாகத் தொடங்கிய விஷயம் இல்லை. என் மகள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். நல்ல மார்க். நர்சிங் சேர்ந்தாள். முதல் மாதமே முகம் வாடிவிட்டது. பாடமெல்லாம் இங்கிலீஷ். உடற்கூறு புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. வகுப்பில் ஒரு நாள் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தாளாம். பாடம் எடுத்தவரே சிரித்துவிட்டாராம். எந்தக் கல்லூரி, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சிரிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து, "அம்மா, என்னால முடியாது. நான் படிப்ப நிறுத்திடறேன். பக்கத்தால மில்லுக்கே வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். மில் வேலை கேவலமில்லை. எங்கள் குடும்பமே அதில்தான் சோறு தின்றது. ஆனால் பயத்தினால் ஒரு பெண் படிப்பை விடுவதை எந்தத் தாய் பொறுப்பாள்?

நான் படித்தது பள்ளி இறுதி வரைதான். எனக்கு இருந்த ஒரே பழக்கம் கிளை நூலகத்துப் புத்தகம். தமிழில் எழுதிய கிரேக்கக் கதைகளும் நான் ஆசையாகப் படித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் புத்தகத்தைப் புரட்டியபோது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பு மாதிரியான தசைநாணுக்கு 'அக்கிலிஸ் டெண்டன்' என்று போட்டிருந்தது. அக்கிலிஸ்! அவரைத்தான் எனக்குத் தெரியுமே!

"இவன் பெரிய வீரன் கண்ணு. இவனை அம்மாக்காரி குழந்தையா இருக்கையில ஸ்டிக்ஸ்ங்கிற பாதாள ஆத்துல முக்கி எடுத்தா. முக்கின எடத்துல எந்த ஆயுதமும் பாயாது. ஆனா அவ புடிச்சிருந்த குதிகால் மட்டும் நனையல. கடைசில அம்பு அங்கதான் பட்டுது" என்று சொன்னேன்.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையைத் தூக்கி, "இது நம்ம துரியோதனன் கதையாட்டமே இருக்குதே! காந்தாரி கண்ணு படாத தொடையிலதான பீமன் அடிச்சான்?" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சொல்லை அவள் மறக்கவே இல்லை. பலவீனமான ஒரே இடத்தை இங்கிலீஷில் 'அக்கிலிஸ் ஹீல்' என்று சொல்வதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு கதை, ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் தெய்வங்கள்

முதலில் நம் பத்திரிகைக்குப் பொருத்தமான சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'ஹைஜீன்' என்று எல்லா சோப்பு விளம்பரத்திலும் வருகிறதே, அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர்! கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்கிலேப்பியஸ். அவருடைய மகள் ஹைஜியா, சுத்தமாக இருந்து நோய் வராமல் காப்பவள். அவள் சகோதரி பானசியா, எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து வைத்திருப்பவள். சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்வதை இங்கிலீஷில் 'பானசியா' என்றே சொல்கிறார்கள். டாக்டர்கள் எடுக்கும் ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியின் பழைய வடிவத்தில் இந்த இரண்டு சகோதரிகளின் பெயரும் வருகிறது.

அடுத்தது தூக்கம். ஹிப்னாஸ் என்பவர் தூக்கத்தின் கடவுள். அவர் பெயரிலிருந்து 'ஹிப்னாடிசம்'. தூக்கக் கடவுளின் பிள்ளைகளில் ஒருவன் மார்ஃபியஸ். கனவில் மனித உருவம் எடுத்து வருபவன் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்கிறார். கடுமையான வலிக்குக் கொடுக்கும் 'மார்ஃபின்' மருந்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். நம் கும்பகர்ணன் பெயரில் ஒரு மாத்திரை வந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

'எக்கோ எடுத்துட்டு வாங்க' என்று இருதய டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, அந்த எக்கோவும் ஒரு பெண்தான். வாயாடிப் பெண். தேவர்களின் ராணி ஹீரா கோபித்துக்கொண்டு, 'இனிமேல் அடுத்தவர் சொன்னதன் கடைசி வார்த்தையை மட்டும்தான் நீ திருப்பிச் சொல்ல முடியும்' என்று சாபம் கொடுத்துவிட்டாள். பாவம், அவள் ஆசைப்பட்டதோ நார்சிசஸ் என்ற அழகனை. அவனோ குளத்துத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிக் கிடந்தான். எக்கோ உருகி உருகி வெறும் குரலாகிப் போனாள். எதிரொலிக்கு அவள் பெயர். ஒலி அலையை அனுப்பி, இருதயத்தில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் எடுப்பதால் அந்தப் பரிசோதனைக்கும் அவள் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்நேரமும் தன்னைப் பற்றியே பேசுகிறவர்களை 'நார்சிசிஸ்ட்' என்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை!

'பேனிக்' என்ற சொல்லும் இப்படித்தான். பேன் என்பவர் ஆட்டுக்கால், ஆட்டுக்கொம்பு உள்ள காட்டுத் தெய்வம், மேய்ப்பர்களின் காவல். தனிமையான காட்டில் காரணமில்லாமல் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டால் அது அவர் வேலை என்று நினைத்தார்கள். நம் ஊரில் உச்சி வேளையில் ஒற்றைப் புளியமரத்தடிக்குப் போகாதே என்பார்களே, அதே பயம். இந்த பேன் துரத்தியபோது சிரின்க்ஸ் என்ற பெண் ஆற்றங்கரை நாணலாக மாறிவிட்டாளாம். அந்த நாணலை வெட்டி அவர் குழல் செய்தார். சிரின்க்ஸ் என்றால் குழல். பிள்ளைகள் பார்த்தாலே அலறும் 'சிரிஞ்ச்' என்ற பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

விவசாயம் செய்யும் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விதிக்கு மூன்று சகோதரிகள் என்பது கிரேக்கர் நம்பிக்கை. க்ளோத்தோ உயிர் நூலை நூற்பாள், லாக்கசிஸ் அளப்பாள், அட்ரோப்பாஸ் கத்தரிப்பாள். விஷச் செடி ஒன்றுக்கு அந்த மூன்றாமவள் பெயரை வைத்து, அதிலிருந்து எடுத்த மருந்துக்கு 'அட்ரோபின்' என்று பெயரிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பூச்சி மருந்து உள்ளே போய் உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு, அது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருந்தால், டாக்டர்கள் போடும் முக்கியமான ஊசி இந்த அட்ரோபின்தான். நூலைக் கத்தரிப்பவளின் பெயர் நூலைக் காப்பாற்றுகிறது! தோட்டத்தில் யாருக்காவது அப்படி நேர்ந்தால், கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல், மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தாய்மார்களுக்கு மூன்று சொற்கள்

ஒன்று, 'காலக்ஸி'. வானத்தில் வெள்ளையாகத் தெரியும் பால்வீதி. ஹெராக்ளிஸ் என்ற குழந்தைக்கு ஹீரா பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று குழந்தையைத் தள்ளிவிட்டாள்; பால் பீய்ச்சி வானமெங்கும் சிந்தியது. அதுதான் பால்வீதி என்பது கதை. கிரேக்கத்தில் 'காலா' என்றால் பால். பாலில் உள்ள ஒரு சர்க்கரைக்கு 'காலக்டோஸ்' என்று பெயர் வைத்ததும் இதனால்தான். வானத்து நட்சத்திரக் கூட்டமும் பிள்ளை குடிக்கும் பாலும் ஒரே சொல்லில் பிறந்தவை என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது.

இரண்டு, 'எடிமா'. ஈடிபஸ் என்ற ராஜாவின் கதை தெரியுமா? பிறந்த பிள்ளையால் தகப்பனுக்குச் சாவு என்று குறி சொன்னார்கள். கணுக்காலைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். மனம் வராத இடையன் வேறொருவனிடம் கொடுக்க, அந்நிய தேசத்தில் பிள்ளை வளர்ந்தது. கால் வீங்கியிருந்ததால் வைத்த பெயர்தான் ஈடிபஸ், அதாவது 'வீங்கிய கால்'. அதே வேர்ச் சொல்தான் டாக்டர் சீட்டில் 'எடிமா' என்று வருகிறது. உடம்பில் நீர் கோத்த வீக்கம். கர்ப்பமான பெண்களுக்குச் சாயங்காலத்தில் கால் சற்று வீங்குவது சகஜம். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அந்த ராஜா கதை ஞாபகம் இருந்தால் இந்த எச்சரிக்கையும் ஞாபகம் இருக்கும்.

மூன்று, 'லெதார்ஜி'. பாதாளத்தில் லீத்தே என்ற ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் பழைய நினைவெல்லாம் மறந்து போகும். அந்த 'லீத்தே' என்ற சொல்லிலிருந்து மந்தமாகக் கிடப்பதற்கு 'லெதார்ஜி' என்ற சொல் வந்தது. வயிற்றுப் போக்கில் இருக்கும் குழந்தையைப் பார்த்து டாக்டர் 'லெதார்ஜிக்கா இருக்கா?' என்று கேட்டால், சும்மா கேட்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது ஆபத்தின் அறிகுறி.

கூத்துக் கொட்டகையிலிருந்து வந்தவை

புராணத்தைவிட எனக்குப் பிடித்தது நாடகப் பகுதிதான். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஏதென்ஸ் நகரத்தில் மலைச் சரிவில் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஜனங்கள் நாடகம் பார்த்தார்கள். டயோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் நடப்பது. நம் மாரியம்மன் நோன்பி சாட்டியதும் கூத்து நடப்பது மாதிரி. 'தியேட்டர்' என்றால் பார்க்கும் இடம். 'டிராமா' என்றால் செய்வது. நடுவில் வட்டமான தரையில் ஒரு கூட்டம் ஆடிப் பாடும். அந்த ஆடுகளத்துக்குப் பெயர் 'ஆர்க்கெஸ்ட்ரா'. பிற்காலத்தில் வாத்தியக்காரர்கள் அங்கே உட்கார்ந்ததால் சினிமாப் பாட்டுக் கச்சேரி வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆடிப் பாடும் குழுவுக்கு 'கோரஸ்' என்று பெயர். பன்னிரண்டு பேர் இருந்ததைப் பதினைந்தாக்கியவர் சோஃபாக்ளிஸ் என்ற நாடக ஆசிரியர் என்பார்கள். நம் கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்களே, கிட்டத்தட்ட அவர்கள்தான்.

வேஷம் மாற்ற, பின்னால் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரத்துக்கு கிரேக்கச் சொல் 'ஸ்கீனி'. அதுதான் 'சீன்' ஆயிற்று! "ரொம்ப சீன் போடாதே" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சீன் ஒரு காலத்தில் துணிக் கொட்டகை. அங்கேயும் நம் கூத்து மாதிரியே பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள், முகமூடி போட்டுக்கொண்டார்கள். நடிகனுக்குப் பெயர் 'ஹிப்போகிரைட்டிஸ்'. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிப்பவனை இங்கிலீஷில் 'ஹிப்போகிரைட்' என்பது இதனால்தான். ரோமானியர்கள் முகமூடியை 'பெர்சோனா' என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'பெர்சன்', 'பர்சனாலிட்டி' எல்லாம்.

கோரஸிலிருந்து தனியாக விலகி நின்று முதன்முதலில் பாத்திரமாகப் பேசியவர் தெஸ்பிஸ் என்பது வழிவழிச் செய்தி. கி.மு. 534 வாக்கில் என்று சொல்வார்கள். இன்றும் நடிகர்களை 'தெஸ்பியன்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சோக நாடகத்துக்கு 'டிராஜடி' என்று பெயர். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'ஆட்டுப் பாட்டு'! ஆட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள், பலி கொடுத்தார்கள் என்று பல விளக்கங்கள் இருக்கின்றன.

நமக்கும் இந்த நாடகக் கலை புதிதல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையில் மேடை எத்தனை கோல் நீளம், எத்தனை கோல் அகலம் என்ற அளவே இருக்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைச் சீலைக்குப் பெயரும் இருக்கிறது.

அங்கே ஆன்டிகனி, இங்கே தங்காள்

சோஃபாக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகம் கி.மு. 441 வாக்கில் அரங்கேறியதாகச் சொல்வார்கள். ஈடிபஸ் ராஜாவின் மகள் ஆன்டிகனி. அவளுடைய இரண்டு சகோதரர்களும் சண்டையில் ஒருவரை ஒருவர் வெட்டி மாண்டு போகிறார்கள். ஒருவனுக்கு ராஜ மரியாதையோடு அடக்கம். இன்னொருவன் துரோகி, அவன் உடம்பை நாயும் கழுகும் தின்னட்டும், தொட்டால் மரண தண்டனை என்று மாமன் கிரியோன் உத்தரவு போடுகிறான். ஆன்டிகனி பயப்படவில்லை. ராஜாவின் சட்டத்தைவிடக் கூடப் பிறந்தவனுக்குச் செய்ய வேண்டிய கடமை பெரிது என்று போய் மண் போடுகிறாள். உயிரையும் கொடுக்கிறாள்.

இந்தக் கதையைச் சொன்ன அன்று என் மாமியார் வெற்றிலை உரலைக் கீழே வைத்துவிட்டார். "படுகளத்துக்குத் தங்காள் போனாளே, அதே கதை" என்றார். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை தெரியாத வீடு உண்டா? உடுக்கை அடித்துக்கொண்டு இரவிரவாகப் பாடுவார்களே! பொன்னரும் சங்கரும் களத்தில் விழுந்தபின், தங்கை அருக்காணித் தங்காள் அழுதுகொண்டே தேடிப் போய் அண்ணனை எழுப்பிப் பேசுகிறாள். அந்த இடம் வந்தால் கேட்கிறவர்களில் சிலருக்குச் சாமி வந்துவிடும். வீரப்பூரில் இன்றும் திருவிழா நடக்கிறது.

பேத்தி, "ஆத்தா, அந்த ஊருப் பொண்ணுக்கும் அண்ணன்னா உசுருதான் போல" என்றாள். மாமியார், "எந்த ஊரா இருந்தா என்ன அம்மிணி, கூடப் பொறந்தவ கூடப் பொறந்தவதான்" என்றார். ஏதென்ஸ் எங்கே, வீரப்பூர் எங்கே? அன்று எங்கள் திண்ணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊராகிவிட்டன.

இங்கேயும் ஒரு சொல் இருக்கிறது. ஆன்டிகனியின் பெயரில் முதலில் நிற்கும் 'ஆன்டி' என்பதற்கு 'எதிர்' என்று பொருள். ராஜாவையே எதிர்த்து நின்றவளின் பெயரிலேயே எதிர்ப்பு இருக்கிறது! ஆன்டிசெப்டிக், ஆன்டிபயாடிக், ஆன்டிபாடி, விஷ முறிவுக்கு ஆன்டிடோட், எல்லாவற்றிலும் அதே 'ஆன்டி'. மகள் இந்த ஒரே இரவில் ஒரு பக்கம் சொற்களை எழுதிக்கொண்டாள்.

நம்மூரிலிருந்து போனவை

அவர்களிடமிருந்து நாம் வாங்கியதை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. கோயமுத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 1842-ல் பழைய ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மணிக்கல் செய்யும் பட்டறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். காங்கயம் பக்கம் படியூரில் பச்சை நீலமான பெரில் கல் வெட்டியெடுத்தார்கள். யவன வியாபாரிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊர்ப் பக்கம் வந்து போனது இதற்காகத்தான்.

அந்த 'பெரில்' என்ற சொல்லே நம் தேசத்துச் சொல்! பிராகிருதத்தில் 'வேளுரிய', கிரேக்கத்துக்குப் போய் 'பெரில்லோஸ்', இங்கிலீஷில் 'பெரில்'. மூக்குக் கண்ணாடிக்கு ஜெர்மன் பாஷையில் 'பிரில்லே' என்று பெயர். அதுவும் இதே சொல்லின் பேரப்பிள்ளை. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் உள்ளே நம் 'இஞ்சி' இருப்பதாக மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். கிரேக்க தேவர்கள் சாப்பிடும் 'அம்புரோசியா'வும் நம் 'அமிர்தம்' என்ற வடசொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழ் வழியில் படித்த பிள்ளை தலைகுனிய ஒன்றுமே இல்லை என்று இதைவிட யார் சொல்ல வேண்டும்?

கொஞ்சம் ஜாக்கிரதை

ருசி கண்டுவிட்டால் பார்க்கும் சொல்லுக்கெல்லாம் கதை கட்டத் தோன்றும். நூல் நூற்ற க்ளோத்தோவிடமிருந்துதான் துணிக்கு 'க்ளாத்' என்ற பெயர் வந்தது என்று சொல்ல நம் மில் ஊர்க்காரர்களுக்கு ஆசையாக இருக்கும். அப்படி இல்லை; அது வேறு குடும்பத்துச் சொல். ஆனால் துப்பு என்ற பொருளில் வரும் 'க்ளூ' என்பது உண்மையிலேயே நூற்கண்டுதான். பழைய இங்கிலீஷில் நூற்கண்டுக்கு அப்படிப் பெயர். சுற்றிச் சுற்றிக் குழப்பும் 'லாபிரிந்த்' என்ற கட்டடத்துக்குள் அரக்கனைக் கொல்லப் போன தீசியஸுக்கு, திரும்பி வர வழி தெரிவதற்காக அரியாட்னி என்ற ராஜகுமாரி நூற்கண்டு கொடுத்தாள். நம் அபிமன்யுவுக்கு அப்படி ஒரு கண்டு கிடைத்திருக்கக் கூடாதா!

இன்னொன்று. இந்த முறையில் சொல்லின் பொருள் மனதில் நிற்கும். பேச்சும் இலக்கணமும் வராது. அவற்றுக்குத் தனியாகப் பேசிப் பழக வேண்டும். உச்சரிப்புக்கு அகராதியோ, செல்போனில் ஒலியோ கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

1. ஒரு நோட்டு போடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தைத்துக்கொண்டாலும் போதும். கதை, சொல், அதை எங்கே பார்த்தோம் என்று மூன்று கட்டம்.

2. ஒரு நாளைக்கு ஒரு சொல்லுக்கு மேல் வேண்டாம். மாதம் முப்பது சேர்ந்தாலே அதிகம்.

3. முதலில் கதையைச் சொல்லுங்கள். சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். 'அப்புறம்?' என்று பிள்ளை கேட்ட பிறகு வரும் சொல் மறக்காது.

4. நம் கதை ஒன்றை ஜோடி சேருங்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத டான்டலஸின் பெயரில் 'டான்டலைஸ்'. காட்டிக் காட்டி ஏங்க வைப்பது. ஹெராக்ளிஸின் பன்னிரண்டு கஷ்டமான வேலைகளால் 'ஹெர்குலியன் டாஸ்க்'. அதுதான் பகீரதப் பிரயத்தனம்.

5. சொல்லைத் தேடும் விளையாட்டு வையுங்கள். பஸ்ஸில் போகும்போது போர்டு, மாத்திரை அட்டை, சாமான் டப்பா. காலைச் சிற்றுண்டி டப்பாவில் 'சீரியல்' என்று இருக்கும். ரோமானியர்களின் தானிய தேவதை சீரிஸின் பெயர் அது. நம் அன்னபூரணி!

6. வீட்டுப் பெரியவர்களை உட்கார வையுங்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ஜோடிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

7. தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போங்கள்.

என் மகள் படிப்பை விடவில்லை. முதல் வருஷம் உடற்கூறில் பாஸ் செய்தாள். இப்போது மூன்றாம் வருஷம். கதை மட்டுமே அவளைக் கரை சேர்த்தது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி கண் விழித்துப் படித்தது அவள்தான். ஆனால் புத்தகத்தைத் திறக்கவே பயந்தவள் திறக்கத் தொடங்கியது கதையால்தான்.

பாண்டோரா கதையைச் சொல்லி முடிக்கிறேன். திறக்கக் கூடாது என்ற ஜாடியை அவள் திறந்தாள். நோயும் துன்பமும் பறந்து உலகமெங்கும் பரவின. பயந்து மூடினாள், உள்ளே ஒன்று மட்டும் தங்கிவிட்டது, நம்பிக்கை. ஜாடி எப்படிப் பெட்டியானது தெரியுமா? 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற பெரிய பண்டிதர் கதையை லத்தீனில் எழுதும்போது சொல்லை மாற்றிவிட்டார். அதனால்தான் இன்றும் 'பாண்டோராஸ் பாக்ஸ்' என்று சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய பண்டிதருக்கே ஒரு சொல் மாறிப் போனது. நம் பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால் என்ன குடி முழுகிவிடும்? இன்றைக்கு ராத்திரியே எக்கோவின் கதையிலிருந்து தொடங்குங்கள்.